மட்டக்களப்பில் பழைய மணிக்கூடுகளுக்கு ஒரு சங்கம்: தொடங்குவது முதல் நடத்துவது வரை

இந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஹோலுக்குள் காலடி வைத்ததும் எதிர்ச்சுவரைப் பாருங்கள். கலியாணப் படத்துக்கும் சாமிப் படத்துக்கும் நடுவில், முஸ்லிம் வீடென்றால் கஃபா படத்துக்குப் பக்கத்தில், ஒரு மரப்பெட்டி மணிக்கூடு தொங்கும். அநேகமாக ஓடாது. கழற்றி வைக்க மனம் வராது, திருத்தக் கொடுக்க ஆள் தெரியாது. பழஞ்சாமான் வாங்க வருகிறவர் கண்ணில் பட்டால் ஒரு பிளாஸ்டிக் மணிக்கூடும் கொஞ்சக் காசும் கொடுத்துவிட்டு அதைக் கொண்டுபோய்விடுவார்.

இப்படியான மணிக்கூடுகளில் ஆர்வமுள்ள நாலு பேர் சேர்ந்து சங்கம் தொடங்குவதென்றால் எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்று இங்கே எழுதுகிறேன். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: எங்களுக்கு வேண்டியது எழுதி வைப்போர் சங்கம். வாங்கிச் சேர்ப்போர் வேறு இடத்தில் கூடட்டும். மணிக்கூடு அந்தந்த வீட்டுச் சுவரிலேயே இருக்க, அதைப் பற்றிய விபரம் சங்கத்தின் கொப்பியில் இருந்தால் போதும்.

படி 1: ஐந்து பேர் போதும்

பதாகை கட்டி, பிரதம விருந்தினரை அழைத்து, பொன்னாடை போர்த்தித் தொடங்கிய சங்கங்கள் எங்களூரில் எத்தனையோ. முதலாவது ஆண்டறிக்கையோடு அவற்றின் கதை முடிந்துவிடும். ஐந்து பேரோடு தொடங்குங்கள். ஆனால் ஐவரும் ஒரே மாதிரி ஆட்களாக இருக்கக் கூடாது. மணிக்கூடு திருத்தத் தெரிந்த ஒருவர் வேண்டும். போனில் தெளிவாகப் படம் எடுக்கிற இளம் பிள்ளை ஒன்று வேண்டும். எழுத்து வேலைக்குச் சலிக்காத ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியரோ எழுதுவினைஞரோ என்றால் இன்னும் நல்லம். ஆரையம்பதிக்கும் காத்தான்குடிக்கும், காரைதீவுக்கும் சாய்ந்தமருதுக்கும் தயங்காமல் போய்வரக்கூடிய ஒருவர் கட்டாயம் தேவை. கோயில், பள்ளிவாசல், தேவாலயம் மூன்றிலும் பழைய மணிக்கூடுகள் இருக்கும். ஐந்தாவது ஆள் பெண்ணாக இருக்கட்டும். மணிக்கூட்டின் கதை தெரிந்தவர் பெரும்பாலும் வீட்டு ஆச்சிதான். ஆண்கள் மட்டும் போய் நின்றால் அவர் குசினியை விட்டு வெளியே வரமாட்டார்.

வெளிநாட்டுச் சங்கங்களைப் பார்த்து எங்களுக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளலாம். பிரித்தானியாவில் 1858 இல் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய மணிக்கூட்டுக் கல்வி நிறுவனம் ஒன்று இருக்கிறது. 1953 இல் அங்கேயே பழைய மணிக்கூடுகளின் வரலாற்றை ஆராய்வதற்கென்று தனிச் சங்கம் அமைத்தார்கள். அமெரிக்காவில் 1943 இல் சேகரிப்பாளர் சங்கம் வந்தது. திருத்துவது, ஆராய்வது, சேர்ப்பது என்று அவர்கள் மூன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். எங்களுக்கு முதலிரண்டும் ஒரே மேசையில் இருந்தால் சரி.

கூடுவதற்குப் போயா (பௌர்ணமி) நாள் வசதி; அரச ஊழியருக்கும் ஆசிரியருக்கும் விடுமுறை. நூலக அறையோ சனசமூக நிலையமோ போதும். நவம்பரிலும் டிசெம்பரிலும் கூட்டம் வைக்காதீர்கள். மாரி மழையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை, வரவும் கூடாது.

படி 2: கொப்பியைத் திறந்த பிறகு மணிக்கூட்டைத் திறவுங்கள்

ஒரு மணிக்கூட்டுக்கு ஒரு பக்கம். எந்த ஊர், யார் வீடு, எந்தச் சுவர், பெட்டியின் உயரம் அகலம், முகப்பில் உள்ள எழுத்து, திறப்புத் துளைகள் எத்தனை, ஊசல் இருக்கிறதா, திறப்பு இருக்கிறதா. தொடுவதற்கு முன் நேராக ஒரு படம், கதவைத் திறந்து ஒரு படம், ஊசலைக் கழற்றிய பிறகு ஒரு படம்.

திறந்தவுடன் துடைக்கத் துணியைத் தேடாதீர்கள். முதலில் பாருங்கள். பெட்டியின் அடியில் பல்லி முட்டை ஓடுகள் கிடக்கும். குளவி மண்கூடு கட்டியிருக்கும். கதவின் உட்பக்கத்தில் ஒட்டிய காகிதம் பாதி அரிக்கப்பட்டிருந்தாலும் மிச்சப் பாதியில் விற்ற கடையின் பெயர் இருக்கலாம். இயந்திரத்தின் பின்தகட்டில் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடியுங்கள். ஊசியால் கீறிய எழுத்துகள் தெரியும்: ஒரு திகதி, இரண்டு எழுத்து, சில வேளை ஒரு கோடு மட்டும். உலகம் முழுக்கத் திருத்துகிறவர்கள் தாங்கள் திறந்த மணிக்கூட்டில் இப்படிக் கீறி வைக்கும் பழக்கம் உண்டு. துணியால் அழுத்தித் துடைத்தால் போய்விடக்கூடிய மெல்லிய கீறல்கள் அவை. மூன்று திகதிகள் இருந்தால் அந்த மணிக்கூடு மூன்று முறை பழுதாகி மூன்று முறை எழும்பியிருக்கிறது என்று அர்த்தம்.

பெட்டியின் மரத்தில் நீர்க்கறைக் கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். 1978 நவம்பர் 23 சூறாவளியில் கூரை போன வீடுகளில் கறை மேலிருந்து கீழே வழிந்திருக்கும். 2004 டிசெம்பர் 26 கடல் வந்த கல்லடி, நாவலடி, மருதமுனைப் பக்கத்து வீடுகளில் கறை கீழிருந்து மேலே ஏறி ஓரிடத்தில் நேர்கோடாக நிற்கும். அந்தக் கோட்டை மணற்கடதாசி போட்டு அழித்து வார்னிஷ் பூசுகிற ஆட்களோடு எனக்கு ஒத்துவராது. நிலத்திலிருந்து கோடு எத்தனை சென்ரிமீற்றர் என்று அளந்து எழுதிவிட்டு விட்டுவிடுங்கள்.

பிறகு கேள்விகள். "எப்ப வாங்கினது?" என்று தொடங்கினால் "தெரியாது" என்றுதான் பதில் வரும். "எப்ப நின்றது?" என்று கேட்டுப் பாருங்கள். "அது அவர் இருக்கக்குள்ள ஓடினது மனே. அவருக்குப் பிறகு திறப்பு குடுக்க ஆரும் இல்ல" என்று ஆச்சி தொடங்குவார். குறுக்கிடாமல் எழுதுங்கள். கலியாணச் சீதனமா, வெள்ளாமைக் காசில் வாங்கியதா, கொழும்புக் கடையா, வளைகுடா நாட்டு வேலைக்குப் போனவர் கொண்டு வந்ததா என்பதெல்லாம் தானாக வந்து விழும்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: "இதில் எந்த நேரம் வைத்திருந்தீர்கள்?" 1996 மே 25 இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இல் அதில் அரை மணித்தியாலத்தைக் குறைத்தது. 2006 ஏப்ரல் 15 இல்தான் பழையபடி கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முந்திய கணக்குக்கு வந்தோம். புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளிலோ பழைய நேரமே நடந்தது. எழுவான்கரையில் ஒரு நேரம், வாவியைத் தாண்டிப் படுவான்கரையில் இன்னொரு நேரம். துறை கடந்து பள்ளிக்கூடம் போனவர்களுக்கும் படிப்பிக்கப் போனவர்களுக்கும் இதில் ஆளுக்கொரு கதை இருக்கும். இது எந்த மணிக்கூட்டுப் புத்தகத்திலும் கிடைக்காத விடயம். எங்கள் சங்கம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப்போவதில்லை.

படி 3: வயதைக் கண்டுபிடித்தல்

வீட்டுக்காரர் எல்லோரும் "இருநூறு வருஷம்" என்பார்கள். தலையாட்டிவிட்டு அடையாளங்களைத் தேடுங்கள்.

எட்டு முனை நட்சத்திரத்துக்குள் ஆங்கில 'ஜே' எழுத்து இருந்தால் ஜேர்மனியின் யுங்ஹான்ஸ்; 1861 இல் தொடங்கிய நிறுவனம். அதன் சில இயந்திரங்களின் பின்தகட்டில் 'ஏ' அல்லது 'பி' எழுத்தும் இரண்டு இலக்கமும் இருக்கும். 'பி 10' என்றால் 1910 இன் இரண்டாம் அரையாண்டு. ஒன்றையொன்று வெட்டும் இரண்டு அம்புகள் ஹம்பர்க் அமெரிக்கன் நிறுவனத்தின் முத்திரை. அன்சோனியா என்று இருந்தால் அமெரிக்கத் தயாரிப்பு. அந்த நிறுவனம் 1929 இல் தன் இயந்திரங்களைச் சோவியத் அரசுக்கு விற்றுவிட்டதால் மணிக்கூடு அதற்கு முற்பட்டது. 'மேட் இன் ஜேர்மனி' என்று நாட்டின் பெயர் போடும் வழக்கம் 1887 ஆம் ஆண்டுப் பிரித்தானிய வர்த்தகக் குறிச் சட்டத்தோடு பரவியது. 'மேற்கு ஜேர்மனி' என்றால் 1949 க்கும் 1990 க்கும் இடையில்.

ஒல்லாந்தர் காலத்து மணிக்கூடு என்று யாராவது சொன்னால் நிதானமாக இருங்கள். ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தது 1638 இல். அவர்கள் நாட்டுக்காரரான கிறிஸ்தியான் ஹைகன்ஸ் ஊசல் மணிக்கூட்டை உருவாக்கியது 1656 இல். கோட்டையைப் பிடித்த நாளில் உலகத்தில் எங்கேயும் ஊசல் மணிக்கூடு இல்லை.

படி 4: நின்ற மணிக்கூட்டை ஓடவைத்தல்

இங்கேதான் ஆட்கள் அவசரப்படுவார்கள். பொறுமையாக இந்த ஒழுங்கில் போங்கள்.

முதலில் எண்ணெய்ப் போத்தலை அந்த அறையிலிருந்தே அப்புறப்படுத்துங்கள். தேங்காயெண்ணெய், தையல் மெசின் எண்ணெய், மண்ணெண்ணெய், துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே எதுவுமே வேண்டாம். காத்தான்குடிப் பெரியவர் ஒருவர், ஆயுள் முழுக்க இந்த வேலை செய்தவர், சொன்ன கணக்கு இது: "எண்ணெய் ஊத்தினா ஓடும் தம்பி. ரெண்டு மாசம் ஓடும். பிறகு தூசியும் எண்ணெயும் சேர்ந்து அச்சை அராவிப் போடும். அப்ப என்னட்டத்தான் கொண்டு வருவீங்க, எனக்கு ரெண்டு மடங்கு வேல." முறையான வழி, இயந்திரத்தை முழுதாகக் கழற்றிக் கழுவி, மணிக்கூட்டு எண்ணெயை அச்சு முனைகளில் மட்டும் ஊசி நுனியால் தொட்டு வைப்பது. சில்லுகளின் பற்களில் எண்ணெய் படவே கூடாது.

அடுத்தது ஸ்பிரிங். முறுக்கேறிய ஸ்பிரிங் கையைக் கிழிக்கும். பழைய அமெரிக்க மணிக்கூடுகள் பலவற்றில் அது உறைக்குள் அடைபடாமல் திறந்தே கிடக்கும். இயந்திரத்தின் திருகாணிகளைத் தொடும் வேலை திருத்துகிறவருக்கு உரியது. "அளவுக்கு மிஞ்சி முறுக்கிவிட்டேன், அதுதான் நின்றுவிட்டது" என்று பலர் வருந்துவார்கள். அந்த வருத்தம் தேவையில்லை. முழுதாக முறுக்கிய நிலையில் நின்றால் காரணம் உள்ளே இறுகிப்போன பழைய எண்ணெயும் அழுக்கும்.

வெளியே இருந்து நீங்கள் செய்யக்கூடியவை இவை. திறப்பு, அச்சின் சதுர முனைக்குச் சரியாகப் பொருந்த வேண்டும். தளர்வான திறப்பு வழுக்கினால் ஸ்பிரிங் ஒரே அடியாக அவிழும். முகப்பில் இரண்டு துளை என்றால் பெரும்பாலும் வலப்பக்கம் ஓட்டத்துக்கு, இடப்பக்கம் மணி அடிப்பதற்கு. மூன்று என்றால் நடுவில் உள்ளது ஓட்டம். எட்டு நாள் மணிக்கூட்டுக்குக் கிழமைக்கு ஒருமுறை, ஒரே நாளில் திறப்புக் கொடுங்கள்.

இனி காது வேலை. ஊசலை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். இரண்டு ஒலிகளுக்கும் இடையிலான இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு கால் நொண்டி நடக்கிறவர் மாதிரி 'டிக்டொக்... டிக்டொக்...' என்று கேட்டால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். பெட்டியின் அடியை இடம் வலமாக மெல்ல நகர்த்தி, ஒலி சமமாகும் இடத்தில் சுவரில் பென்சிலால் கோடு போடுங்கள். பெட்டி கண்ணுக்குக் கொஞ்சம் சாய்வாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. 'ஓடாது' என்று முத்திரை குத்திய மணிக்கூடுகளில் பல இந்த ஒன்றினாலேயே ஓடத் தொடங்கும். வீடு வெள்ளையடிக்கக் கழற்றித் திரும்ப மாட்டியபோது கெட்டுப்போன சமநிலைதான் காரணமாக இருந்திருக்கும்.

முட்களை முன்னோக்கி மட்டும் நகர்த்துங்கள். ஒவ்வொரு அரை மணியிலும் முழு மணியிலும் அடித்து முடியும்வரை பொறுங்கள். முள் மூன்றில் நிற்க மணி ஏழு அடிக்கிறதா? அநேகமான மணிக்கூடுகளில் மணி முள் இறுக்கத்தால் மட்டும் நிற்கிறது. அதை மட்டும் மெல்ல ஏழுக்குக் கொண்டுபோய்விட்டு, பிறகு நிமிட முள்ளைச் சுற்றிச் சரியான நேரத்துக்கு வாருங்கள்.

ஓடத் தொடங்கிய பிறகு நேரம் பிந்தினால் கைபிசைய வேண்டாம். அதற்கு எங்கள் ஊரின் அகலாங்கும் ஒரு காரணம். 1672 இல் பிரெஞ்சு வானியலாளர் ஜோன் றிஷே, பாரிசில் சரியாக ஓடிய ஊசல் மணிக்கூட்டைத் தென்னமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடமளவில் பிந்தியது. பூமத்திய ரேகைக்குக் கிட்ட ஈர்ப்பு சற்றுக் குறைவு. ஊசல் மெல்ல ஆடும். கயேன் இருப்பது வடக்கு 5 பாகையில், நாங்கள் ஏழே முக்கால் பாகைக்குக் கிட்ட. ஜேர்மனியிலோ இங்கிலாந்திலோ நேரம் பார்த்து அனுப்பிய ஊசல், வேறு பழுது ஒன்றும் இல்லாவிட்டாலும், இங்கே நாளுக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் பிந்தும். ஊசலின் அடியிலுள்ள சிறு நட்டை மேலே ஏற்றினால் வேகம் கூடும், இறக்கினால் குறையும். ஒரு அடி நீள ஊசலுக்கு ஒரு மில்லிமீற்றர்கூடத் தேவைப்படாது. இன்று காலை போனைப் பார்த்து வைத்து, நாளை அதே நேரம் ஒப்பிட்டு, நட்டை அரைச் சுற்றுச் சுற்றி, மறுபடி ஒரு நாள் பொறுங்கள். ஒரு நாளில் இரண்டு முறை திருகுகிறவருக்கு நேரம் பிடிபடாது.

கடற்காற்று பித்தளையில் களிம்பு ஏற்றும், இரும்பைத் துருவாக்கும். கடலைப் பார்த்த வெளிச்சுவரிலும், மாரியில் ஓதம் ஏறுகிற சுவரிலும் மாட்டாதீர்கள். கச்சான் காற்று காலத்தில் மரம் வறண்டு பெட்டியின் ஒட்டு விடும். அதற்குச் சூடான இடத்திலிருந்து நகர்த்துவதைத் தவிர வேறு மருந்தில்லை. கறையானுக்காகச் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

படி 5: கைமணிக்கூடுகள்

இவற்றைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் சந்தை புகுந்து சங்கம் கெடுவது இந்த வழியாகத்தான். மத்திய கிழக்கு வேலைக்குப் போனவர்கள் கொண்டு வந்த சீக்கோ 5, சிற்றிசன் இங்கே நிறைய. சீக்கோவின் பின்மூடியில் உள்ள தொடரிலக்கத்தின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கத்தையும், இரண்டாவது மாதத்தையும் காட்டும். 76 என்று தொடங்கினால் ஜூன் மாதம்; 1967 ஆ 1977 ஆ 1987 ஆ என்பதை மாதிரி எண்ணைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும். சீக்கோ 5 வந்ததே 1963 இல்.

புதிதாக மை பூசிய பளபள முகப்போடு விற்பனைக்கு வருபவற்றை நம்பாதீர்கள். எழுத்துகளின் ஓரம் கரைந்தும் கோடுகள் கோணியும் இருக்கும். 1970களுக்கு முற்பட்ட, இருட்டில் ஒளிரும் முகப்புகளில் ரேடியம் இருக்கலாம். ஒளி மங்கிப்போயிருந்தாலும் கதிர்வீச்சு மங்குவதில்லை. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 1600 ஆண்டுகள். அவற்றைத் திறக்கவோ சுரண்டவோ வேண்டாம், பிள்ளைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

படி 6: திருத்துகிறவரிடம் உட்கார்ந்திருத்தல்

பற்றரி மாற்றுகிற கடைகள் ஊருக்கு ஊர் உண்டு. ஸ்பிரிங் மணிக்கூட்டைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் ஒருவர் ஒருவராகக் குறைந்துகொண்டே வருகிறார்கள். சங்கத்தின் காசில் பெரும்பங்கு இவர்களிடம் போக வேண்டும் என்பேன். ஒரு நாள் கூலியைப் பேசிக் கொடுத்து, ஒரே மணிக்கூட்டை முதலிலிருந்து கடைசிவரை கழற்றிப் பூட்டச் சொல்லி வீடியோ எடுங்கள். அவர் எந்தச் சாமானை எப்படிச் சொல்கிறாரோ அந்தச் சொல்லையே எழுதுங்கள். தேய்ந்து நீளமாகிவிட்ட அச்சுத்துளையில் பித்தளை அடைத்துப் புதுத் துளை போடுவது போன்ற வேலைகளைக் கமரா கைக்குக் கிட்டப் போய் எடுக்க வேண்டும். இலவசமாகச் சொல்லித்தரச் சொல்லிக் கேட்காதீர்கள். அவர் விற்கிற சரக்கே அந்தக் கை வித்தைதான்.

படி 7: காசு, யாப்பு, சட்டம்

ஆறு மாதம் ஒழுங்காகக் கூடிய பிறகு யாப்பு எழுதி, பிரதேச செயலகத்தில் பதிவு பற்றி விசாரியுங்கள். வங்கிக் கணக்குக்கு யாப்பும் கூட்டத் தீர்மானமும் கேட்பார்கள். காசோலையில் இருவர் ஒப்பம் இருக்கட்டும். யாப்பில் மறக்காமல் சேர்க்க வேண்டியவை மூன்று. சங்கத்தின் பெயரால் போன வீட்டில் எந்த உறுப்பினரும் மணிக்கூட்டை விலைக்குக் கேட்கக் கூடாது. கொப்பியிலுள்ள வீட்டு முகவரியும் ஆட்களின் பெயரும் வெளியே போகக் கூடாது. போனால் களவுக்கு நாங்களே வழிகாட்டியதாகிவிடும். திருத்தக் கொண்டுபோகும் மணிக்கூட்டுக்குப் படத்தோடு பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும்.

1815 மார்ச் 2 க்கு முற்பட்ட பொருள் தொல்பொருட் சட்டத்துக்குள் வரும். தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாது. அவ்வளவு பழசு இங்கே கிடைப்பது அரிது. கிடைத்தால் தொடாமல் திணைக்களத்துக்குத் தெரிவியுங்கள்.

படி 8: ஊருக்குக் காட்டுதல்

கண்காட்சி வைத்தால் மணிக்கூடுகளைக் கழற்றித் தூக்கிவர வேண்டும், அதில் உடைவதுதான் அதிகம். படங்களை மட்டும் பெரிதாக அச்சிட்டு வையுங்கள். அதைவிட நல்லது, செலவில்லாத ஒன்று: நிழல் பார்ப்பது.

எங்கள் கடிகார நேரம் கிழக்கு 82.5 பாகைக்கு உரியது. மட்டக்களப்பு 81.7 இல் இருக்கிறது. அதனால் சூரியக் கணக்கில் நாங்கள் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் பிந்தி நிற்கிறோம். கொழும்பு பத்து நிமிடத்துக்கும் மேல் பிந்தி நிற்கிறது. இதோடு பூமியின் ஓட்டத்தால் வரும் ஏற்ற இறக்கமும் சேரும்போது, இங்கே உச்சிப்பொழுது பெப்ரவரி நடுவில் 12.17 அளவிலும், நவம்பர் தொடக்கத்தில் 11.47 அளவிலும் வரும். சூரியன் நேரே தலைக்கு மேல் வருவது ஆண்டில் இருமுறை: ஏப்ரல் 9, 10 அளவிலும், செப்டெம்பர் 2, 3 அளவிலும்.

ஏப்ரலைத் தெரிவு செய்யுங்கள். சித்திரை வருஷப் பிறப்புக்குச் சில நாள் முன்பு, வானம் பெரும்பாலும் தெளிவு, பிள்ளைகளும் விடுமுறையில் இருப்பார்கள். கல்லடிக் கடற்கரையிலோ பள்ளிக்கூட மைதானத்திலோ மட்டமான இடத்தில் வெள்ளைக் கடதாசி விரித்து, ஒரு மீற்றர்த் தடியை நட்டு, நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தைச் சரிபாருங்கள். பதினொன்றரையிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் பிள்ளைகள் புள்ளி வைக்கட்டும். 12.05 அளவில் நிழல் தடியின் காலடிக்குள் போய்விடும். நாழிகை என்றால் 24 நிமிடம், அறுபது நாழிகை ஒரு நாள் என்று பஞ்சாங்கக் கணக்கைச் சொல்லிக்கொடுக்க அதுவே நேரம். வந்தவர்களின் பெயரையும் அவர்கள் வீட்டில் பழைய மணிக்கூடு இருக்கிறதா என்பதையும் அங்கேயே ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த போயாவுக்கு எந்த வீட்டுக்குப் போவது என்பதை அந்தத் தாளைப் பார்த்து முடிவு செய்யலாம்.